ஐயா வண்டி நாளைக்கு டிரைவர் கைக்கு வருமா? ஹைபிரிட் இன்னோவா பற்றி தென்சென்னையில் பேசிக்கொள்வது என்ன?

சென்னை:

மயிலாப்பூர் லஸ் கார்னர், தி.நகர் பனகல் பார்க், அடையாறு சிக்னல். சாயங்காலம் 6 மணிக்கு மேல் இந்த மூன்று இடங்களில் ஏதாவது ஒன்றில் பத்து நிமிஷம் நின்று பார்த்தால் போதும். பத்து அடி நகர்வது, நிற்பது, மறுபடி பத்து அடி நகர்வது என்றுதான் வண்டிகள் போகின்றன. மெட்ரோ ரெயில் இரண்டாம் கட்ட வேலை ஆரம்பித்ததில் இருந்து இந்தப் பக்கத்து ரோடுகளில் எங்கே தடுப்பு, எங்கே ஒருவழி என்று ஆட்டோக்காரர்களே அடிக்கடி விசாரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த நெரிசலில் சத்தமே இல்லாமல் ஊர்ந்து போகிற ஒரு பெரிய வண்டியை இப்போது அடிக்கடி பார்க்கலாம். அதுதான் டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ். பெட்ரோல் என்ஜினும் மின்சார மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் வண்டி. 7 பேரும் 8 பேரும் போகிற குடும்ப வண்டி. பார்த்தால் எஸ்.யு.வி. மாதிரி இருக்கும், உள்ளே உட்கார்ந்தால் பழைய இன்னோவா மாதிரி இருக்கும்.

25 லட்சம், 30 லட்சம் ரூபாய் வண்டியைப் பற்றி நமக்கு என்ன என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. சென்னையில் இன்னோவா என்பது பணக்காரர்களுடைய வண்டி மட்டும் இல்லை. அதை ஓட்டுகிற டிரைவர், வேலை பார்க்கிற மெக்கானிக், டிராவல்ஸ்காரர், கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுக்கிற குடும்பம் என்று பல பேருடைய பிழைப்பு அதில் ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, முதலாளி வீட்டில் ஐந்தாறு வருஷம் ஓடிய வண்டியை அதே டிரைவர் பேசி வாங்கி, டாக்சியாக மாற்றிப் பிழைத்துக்கொண்ட கதை இந்த ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. ஹைபிரிட் வண்டியிலும் அந்தக் கதை தொடருமா என்பதுதான் இப்போதைய கேள்வி.

குவாலிஸ் போய் இன்னோவா வந்த கதை

2000-ம் ஆண்டு குவாலிஸ் வந்தது. ஐ.டி. கம்பெனி ஆட்களை ராத்திரி பகலாக ஏற்றி இறக்கியது அந்த வண்டிதான். நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போதே அதை நிறுத்திவிட்டு 2005-ல் இன்னோவாவை இறக்கினார்கள். 2016-ல் கிரிஸ்டா வந்தது. அரசியல்வாதி, சினிமாக்காரர், கல்யாண வீடு, திருப்பதி யாத்திரை எல்லாவற்றுக்கும் இன்னோவா என்று ஆகிப்போனது. 2012-ல் அ.தி.மு.க.வில் சேர்ந்த நாஞ்சில் சம்பத்துக்கு கட்சி சார்பில் இன்னோவா கார் கொடுக்கப்பட்டதும், அந்தப் பெயரே அவருக்கு ஒட்டிக்கொண்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஒரு காரின் பெயர் அரசியல் பேச்சில் அந்த அளவுக்குப் புழங்கியது தமிழ்நாட்டில் இன்னோவாவுக்குத்தான்.

இந்த எல்லா இன்னோவாவுக்கும் பேர் வாங்கிக் கொடுத்தது டீசல் என்ஜின். அடித்தாலும் ஓடும், உதைத்தாலும் ஓடும் என்பார்கள். இரண்டு, மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டிகள் சென்னையில் இன்றைக்கும் சவாரி போகின்றன.

ஹைகிராஸ் 2022 நவம்பரில் அறிமுகமானது. டிசம்பர் கடைசியில் விலை சொன்னார்கள். 2023 ஜனவரியில் இருந்து வண்டிகள் ரோட்டுக்கு வந்தன. கர்நாடகாவில் பெங்களூரு பக்கத்தில் உள்ள பிடதி ஆலையில் தயாராகிறது. இதில் டீசலே கிடையாது. 2 லிட்டர் பெட்ரோல் என்ஜின் மட்டும் உள்ளது ஒன்று, அதே என்ஜினோடு மின்சார மோட்டார் சேர்த்த ஹைபிரிட் ஒன்று. அடிச்சட்டமும் மாறிவிட்டது. பழைய இன்னோவா லாரி மாதிரி தனி சேசிஸ் மேல் உட்கார்ந்த வண்டி, பின் சக்கரம் தள்ளும். ஹைகிராஸ் சாதாரண கார் மாதிரி ஒரே கூடாகக் கட்டியது, முன் சக்கரம் இழுக்கும்.

வாங்க ஆள் இல்லாமல் இல்லை. 2023 ஏப்ரலில் உயர்ந்த மாடல்களுக்கு புக்கிங்கையே நிறுத்தி வைத்தார்கள். அவ்வளவு பேர் வரிசையில் நின்றார்கள். 2 வருஷத்துக்குள் நாடு முழுக்க 1 லட்சம் வண்டி விற்றுவிட்டதாக 2024 நவம்பரில் கம்பெனி அறிவித்தது. இதே வண்டியை கொஞ்சம் முகம் மாற்றி 2023 ஜூலையில் மாருதியும் ‘இன்விக்டோ’ என்று விற்க ஆரம்பித்தது. அதுவும் பிடதியில் தயாராவதுதான். அதில் ஹைபிரிட் மட்டுமே உண்டு.

வண்டி எப்படி ஓடுகிறது?

பலருக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது. ‘இதுக்கு ராத்திரி வீட்ல சார்ஜ் போடணுமா?’ வேண்டாம். பிளக்கே கிடையாது. பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியை மோட்டார் மின்சாரமாக மாற்றி பேட்டரியில் சேர்த்துக்கொள்ளும். என்ஜின் ஓடும்போதும் கொஞ்சம் சேரும். மெதுவாகப் போகும்போது அந்த மின்சாரத்திலேயே வண்டி நகரும், என்ஜின் ஆப் ஆகிக் கிடக்கும். வேகம் எடுத்தால் என்ஜினும் சேர்ந்துகொள்ளும். இரண்டும் சேர்ந்து 186 குதிரை சக்தி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மற்ற வண்டிகளுக்கு நெரிசல்தான் எமன். நின்று நின்று போனால் பெட்ரோல் கொட்டும். ஹைபிரிட் வண்டிக்கோ அங்கேதான் ஆதாயம். நிற்கும்போது என்ஜின் ஓடாது, பிரேக் பிடிக்கப் பிடிக்க பேட்டரிக்கு சக்தி ஏறும். ஆர்.கே. மடம் ரோடும் உஸ்மான் ரோடும் இந்த வண்டிக்காகவே போட்ட ரோடு மாதிரி ஆகிவிடுகிறது. நாற்கரச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் திருச்சிக்குப் போனால் என்ஜின்தான் பெரும்பாலும் இழுக்கும், மிச்சமும் சுருங்கிவிடும்.

சோதனைச் சாலையில் எடுத்த அதிகாரப்பூர்வ மைலேஜ், ஹைபிரிட்டுக்கு லிட்டருக்கு 23.24 கிலோமீட்டர், சாதா பெட்ரோலுக்கு 16.13. நிஜத்தில் அது கிடைக்காது என்பது வண்டி வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். ஊருக்குள் ஹைபிரிட் 16, 17 கொடுக்கிறது என்பதுதான் உரிமையாளர்கள் மத்தியில் பரவலான பேச்சு. சாதா பெட்ரோல் மாடல் ஊருக்குள் 9, 10-க்கே திணறுகிறது என்கிறார்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும் என்பதை 2025 ஆகஸ்டில் மத்திய அரசே ஒத்துக்கொண்டது. அதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

மெச்சுவதும் முணுமுணுப்பதும்

உரிமையாளர்கள் முதலில் சொல்வது சத்தம் இல்லாததைத்தான். டீசல் இன்னோவாவில் இருந்து இதற்கு மாறியவர்களுக்கு வீட்டுக்குள் உட்கார்ந்து போகிற மாதிரி இருக்கிறதாம். வயதான அப்பா, அம்மா ஏறி இறங்க வசதி. கடைசி வரிசையிலும் பெரியவர்கள் உட்கார முடிகிறது. 2025-ல் பாரத் என்கேப் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியதும் குடும்பஸ்தர்களுக்கு ஒரு தைரியம்.

குறையும் இல்லாமல் இல்லை. இவ்வளவு விலை கொடுத்தும் உள்ளே பிளாஸ்டிக் மலிவாகத் தெரிகிறது என்பது பலர் சொல்லும் புகார். டச் ஸ்கிரீன் மந்தம் என்பது இன்னொன்று. ஆள் ஏறி, லக்கேஜும் ஏறினால் பெரிய ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டுமோ என்ற பயம் சிலருக்கு.

இடப்பிரச்சினைதான் இந்தப் பகுதிகளில் பெரிய தலைவலி. வண்டியின் நீளம் 4,755 மில்லிமீட்டர். அதாவது பதினைந்தரை அடிக்கு மேல். மந்தைவெளி, மயிலாப்பூரில் பழைய பிளாட்களை கட்டியபோது அம்பாசடரும் பத்மினியும்தான் கணக்கில் இருந்தன. தூண்களுக்கு நடுவே இந்த வண்டியை நுழைத்தால் கதவைத் திறக்க இடம் இருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எடுக்க வழி இல்லை என்று சண்டை வேறு. பங்குனியில் கபாலீசுவரர் கோவில் அறுபத்து மூவர் சமயத்தில் மாட வீதிக்காரர்கள் வண்டியை எடுக்காமல் இருப்பதே நல்லது. எடுத்தால், சத்தமே போடாமல் பின்னாடி வரும் இந்த வண்டியை நடந்து போகிறவர்கள் கவனிப்பது இல்லை. டிரைவர்தான் உஷாராக இருக்க வேண்டும்.

இன்னொரு குறை, அடையாறு காந்தி நகர், சாஸ்திரி நகர், பெசன்ட் நகர் பக்கம் வரக்கூடியது. பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் வயதானவர்கள் மட்டும், வண்டி வாரக்கணக்கில் நிற்கும். ஹைபிரிட் வண்டியில் பெரிய பேட்டரி தவிர, எல்லா கார்களிலும் உள்ள மாதிரி 12 வோல்ட் சின்ன பேட்டரியும் ஒன்று உண்டு. நீண்ட நாள் நின்றால் அது இறங்கிவிடும். இறங்கினால் வண்டி ‘ரெடி’ ஆகவே ஆகாது. கிளட்ச் கிடையாது, அதனால் ஆள் சேர்த்து தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் முடியாது. வாரத்துக்கு ஒருமுறையாவது கொஞ்ச நேரம் ஓட்டிவிட வேண்டும். இதற்காகவே ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடுகிற வீடுகளும் இருக்கின்றன. டிரைவருக்கு அதுவும் ஒரு வரும்படிதான்.

டிரைவர் என்ன சொல்கிறார்?

வண்டியைப் பற்றி உரிமையாளரிடம் கேட்பதை விட டிரைவரிடம் கேட்டால்தான் முழு விவரம் கிடைக்கும். ஏனென்றால் நாள் முழுக்க அதில் உட்காருவது அவர்தான்.

முதல் நிம்மதி இடது காலுக்கு. கிளட்சை மிதித்து மிதித்து முட்டி தேய்ந்தவர்களுக்கு ஹைகிராஸ் ஒரு வரம்.

இரண்டாவது, ஏ.சி. இது வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாத விஷயம். சாதா வண்டியில் ஏ.சி. கம்ப்ரசரை என்ஜின்தான் சுற்ற வேண்டும். முதலாளி குடும்பம் பாண்டி பஜாரில் புடவை எடுக்கப் போனால், மூன்று மணி நேரம் டிரைவர் வெயிலில் வேக வேண்டியதுதான். ஏ.சி. போட்டால் ‘டீசல் வீணாகுது, ஆப் பண்ணு’ என்று சத்தம் வரும். ஹைபிரிட் வண்டியில் ஏ.சி. மின்சாரத்தில் ஓடுகிறது. பேட்டரி இறங்கினால் மட்டும் என்ஜின் தானாக கொஞ்ச நேரம் ஓடி, ஏற்றிவிட்டு நின்றுவிடும். பெட்ரோல் செலவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் முன்னைப்போல கொட்டாது. மே மாதம் வெயிலில் கார் பார்க்கிங்கில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இனிமேலாவது டிரைவர் ஏ.சி. போட்டால் முதலாளிகள் முகம் சுளிக்காமல் இருக்கலாம்!

டூரிஸ்ட் டிரைவர்களின் பேச்சு வேறு மாதிரி. 8 பேர், மேலே லக்கேஜ், ஏற்காடு அல்லது ஊட்டி மலைப்பாதை என்றால் இன்றைக்கும் டீசல் கிரிஸ்டா மேல்தான் அவர்களுக்கு நம்பிக்கை. பின் சக்கரம் தள்ளுகிற வண்டி பாரத்தோடு மேடு ஏறும்போது பிடிமானம் தரும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஊருக்குள் ராஜா மாதிரி ஓடுகிற வண்டி மலையிலும் அப்படியே ஓடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

கட்டுப்படியாகுமா? கணக்குப் பார்ப்போம்

இனி பணத்துக்கு வருவோம். அறிமுகமானபோது சாதா பெட்ரோல் ஜி.எக்ஸ். மாடல் ஷோரூம் விலை 19 லட்சத்து 15 ஆயிரம். ஹைபிரிட்டில் ஆரம்ப மாடலான வி.எக்ஸ். 24 லட்சத்து 1 ஆயிரம். வித்தியாசம் 4 லட்சத்து 86 ஆயிரம். அதற்குப் பிறகு விலை பலமுறை ஏறியது. 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. மாறியபோது ஹைபிரிட்டுக்கு வரி 43 சதவீதத்தில் இருந்து 40 ஆனது, விலையும் சில மாடல்களுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் இறங்கியது. கணக்குக்கு நாம் அந்த முதல் விலையையே வைத்துக்கொள்வோம்.

இதோடு நிற்கவில்லை. தமிழக அரசு 2023 நவம்பரில் சாலை வரியை உயர்த்தியது. அதற்கு முன் 10 லட்சத்துக்கு மேல் எந்தக் காராக இருந்தாலும் 15 சதவீதம். அதன் பிறகு 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். அந்த விலைக்கு இந்த வரியைப் போட்டால் சாதா மாடலுக்கு சுமார் 3 லட்சத்து 45 ஆயிரம், ஹைபிரிட்டுக்கு 4 லட்சத்து 80 ஆயிரம். வரியிலேயே 1 லட்சத்து 35 ஆயிரம் வித்தியாசம். ஆகமொத்தம் ஹைபிரிட் வாங்குபவர் சுமார் 6 லட்சத்து 20 ஆயிரம் கூடுதலாகக் கட்டுகிறார். (வி.எக்ஸ். மாடலில் கூடுதல் வசதிகளும் உண்டு. அதனால் மொத்தப் பணமும் மோட்டாருக்கே போகிறது என்று சொல்ல முடியாது.)

இனி மிச்சம் எவ்வளவு? பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று வைப்போம். ஊருக்குள் சாதா மாடல் 9 கொடுத்தால் 100 கிலோமீட்டருக்கு 1,122 ரூபாய். ஹைபிரிட் 17 கொடுத்தால் 594 ரூபாய். கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 28 காசு மிச்சம். 6 லட்சத்து 20 ஆயிரத்தை இதால் வகுத்தால் 1 லட்சத்து 17 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் போட்ட பணம் திரும்புகிறது.

மயிலாப்பூர் வீட்டில் இருந்து கோவில், பேரன் ஸ்கூல், தி.நகர் ஷாப்பிங் என்று தினம் 25 கிலோமீட்டர் ஓடினால் வருஷத்துக்கு 9 ஆயிரம். போட்டது திரும்ப 13 வருஷம் ஆகும்! இவர்கள் வாங்குவது மிச்சத்துக்காக இல்லை, சொகுசுக்காகத்தான். அதில் தப்பில்லை. ஆனால் ‘மைலேஜுக்காக வாங்கினேன்’ என்று சொன்னால் கணக்கு ஒத்து வராது.

வருஷத்துக்கு 30 ஆயிரம் கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு 4 வருஷத்தில் திரும்பிவிடும். அதற்கு மேல் ஓடுவதெல்லாம் லாபம். ஆக, இந்த வண்டி நியாயமாகப் பார்த்தால் அதிகம் ஓட்டிப் பிழைக்கிறவருக்கு உகந்த வண்டி. ஆனால் விலையும் வரியும் சேர்ந்து, ஓட்டிப் பிழைக்கிறவர் எட்டிப் பார்க்க முடியாத உயரத்தில் அதை வைத்திருக்கிறது.

இந்த இடத்தில் அரசையும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். 2024 ஜூலையில் உத்தரபிரதேச அரசு ஹைபிரிட் கார்களுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தது. தமிழகத்தில் பேட்டரி கார்களுக்கு 2023 முதல் 2025 டிசம்பர் வரை முழு விலக்கு கொடுத்தார்கள். நம் ஊரில் அந்த வண்டிகள் தயாராகின்றன, 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்பாஸ்ட் ஆலைகூட திறந்தாயிற்று, அதனால் அந்தச் சலுகைக்கு அர்த்தம் உண்டு. ஹைபிரிட்டுக்கு முழு விலக்கு கொடுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. 30 லட்சம் ரூபாய் கார் வாங்குபவருக்கு ஏழை வரிப்பணத்தில் சலுகை எதற்கு? ஆனால் மஞ்சள் போர்டு போட்டு ஓட்டப் போகிறவருக்கு, அதுவும் ஒரே ஒரு வண்டி வைத்திருப்பவருக்கு, ஏதாவது ஒரு குறைப்பை யோசிக்கலாம். நெரிசலில் புகை விடாமல் நிற்கிற வண்டியால் பக்கத்தில் ஸ்கூட்டரில் நிற்கிறவருக்கும்தானே நன்மை?

இரண்டாவது கைக்கு வரும்போது...

ஹைபிரிட் பேட்டரிக்கு கம்பெனி கொடுக்கும் வாரண்டி 8 வருஷம் அல்லது 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. இப்போது மேலே போட்ட கணக்கோடு இதைப் பொருத்திப் பாருங்கள். 1 லட்சத்து 17 ஆயிரத்தில் முதல் திரும்புகிறது. 1 லட்சத்து 60 ஆயிரத்தில் வாரண்டி போகிறது. நடுவில் இருப்பது 43 ஆயிரம் கிலோமீட்டர். அதாவது வாரண்டிக்குள் கிடைக்கிற நிகர லாபம் சுமார் 2 லட்சத்து 27 ஆயிரம் ரூபாய். அதிகம் ஓட்டுகிறவருக்குத்தான் வண்டி கட்டுப்படியாகும், அதிகம் ஓட்டுகிறவருக்குத்தான் வாரண்டியும் சீக்கிரம் தீரும். வருஷம் 30 ஆயிரம் ஓட்டினால் ஐந்தரை வருஷத்துக்குள் முடிந்துவிடும்.

அந்த நேரத்தில்தான் வண்டி இரண்டாவது கைக்கு வரும். டீசல் இன்னோவாவை அந்த வயதில் வாங்கியவருக்கு பயம் இருந்ததில்லை. தெருமுனை மெக்கானிக்கே என்ஜினை இறக்கி ஏற்றிவிடுவார். பாகம் வேண்டுமா, புதுப்பேட்டைக்குப் போனால் புதுசும் கிடைக்கும், பழசும் கிடைக்கும். ஹைபிரிட்டில் அது நடக்காது. ஆரஞ்சு நிறத்தில் போகிற வயர் எல்லாம் உயர் அழுத்த மின்சாரம். பயிற்சி இல்லாமல் கை வைத்தால் உயிருக்கே ஆபத்து. மெக்கானிக் கடைப் பையன்கள் இதை ஆர்வக்கோளாறில் பிரித்துப் பார்க்கக் கூடாது.

அதற்காக, 8 வருஷத்தில் பேட்டரி செத்துவிடும் என்று நினைத்து மிரள வேண்டியதும் இல்லை. இந்த வண்டியில் இருப்பது செல்போனில் இருக்கிற லித்தியம் வகை இல்லை. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்கிற பழைய, நின்று உழைக்கிற வகை. 1997-ல் ஜப்பானில் வந்த டொயோட்டா பிரியஸ் காரில் இருந்து புழக்கத்தில் இருப்பது. பல நாடுகளில் பிரியஸ் கார்கள் டாக்சியாகவே ஓடித் தேய்ந்திருக்கின்றன.

பக்கத்தில் இலங்கையைப் பார்த்தாலே போதும். கொழும்பில் ஜப்பானில் இருந்து வந்த பழைய பிரியஸ், அக்குவா ஹைபிரிட் கார்கள் சர்வசாதாரணம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அங்கே நிறுத்தினார்கள். தனியார் கார் இறக்குமதி மறுபடி திறந்தது 2025 பிப்ரவரியில்தான். நடுவில் ஐந்து வருஷம் புது வண்டி கிடையாது. இருந்த ஹைபிரிட்டையே ஓட்டியாக வேண்டிய கட்டாயம். என்ன ஆயிற்று? பேட்டரியைப் பிரித்து, கெட்டுப்போன செல்லை மட்டும் மாற்றி, கட்டிக் கொடுக்கிற கராஜுகள் ஊருக்கு ஊர் பெருகின. பழைய ஹைபிரிட் என்றால் அங்கே யாரும் பயந்து ஓடுவதில்லை.

சென்னையிலும் அது வரும். ஆனால் தானாக வராது. ஐ.டி.ஐ.களிலும் தொழிற்பயிற்சி மையங்களிலும் உயர் அழுத்த வண்டி வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். கற்றுக்கொண்ட மெக்கானிக்குக்கு நல்ல காலம் காத்திருக்கிறது. இல்லை என்றால் வாரண்டி முடிந்த வண்டிக்கு கம்பெனி சர்வீஸ் சென்டர் சொன்னதுதான் விலை என்று ஆகிவிடும்.

மழைக்காலமும் ஒரு சோதனை. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை ஏற்றி நிறுத்தியதை மறந்திருக்க மாட்டோம். தி.நகரிலும் மயிலாப்பூரிலும் கனமழைக்கு தண்ணீர் தேங்காத வருஷம் அரிது. வெள்ளத்தில் நின்ற ஹைபிரிட் வண்டியை ‘காய்ஞ்சிடுச்சு, ஓடுது’ என்று சொல்லி விற்க வந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் யோசிக்க வேண்டும். சீட்டுக்கு அடியில் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்து சேற்று வாடை வருகிறதா என்று பாருங்கள். இன்சூரன்ஸ் கிளெய்ம் வரலாற்றைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய ஹைகிராஸ் வாங்க நினைப்பவர்கள் ஓடிய கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் போதாது. எல்லா சர்வீசும் கம்பெனியில் நடந்திருக்கிறதா, பேட்டரி பரிசோதனை எப்போது நடந்தது, அதன் ரிப்போர்ட் எங்கே என்று கேட்க வேண்டும். தயங்காமல் ரிப்போர்ட்டைக் காட்டுகிறவரிடம் பேசலாம். ‘அதெல்லாம் எதுக்கு, இன்னோவாப்பா’ என்கிறவரிடம் பேரம் பேசுவதே வீண். பெட்ரோல் சாதா மாடலையும் ஹைபிரிட்டையும் வெளியில் இருந்து பார்த்தால் சட்டென்று வித்தியாசம் தெரியாது, ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள் என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.

2023 ஜனவரியில் டெலிவரி எடுத்த முதல் வண்டிகளுக்கு, கிலோமீட்டர் தாண்டாமல் இருந்தால், பேட்டரி வாரண்டி 2031 ஜனவரியில் முடிகிறது. மாட வீதியிலும் காந்தி நகரிலும் கொஞ்சமாக ஓடிய வண்டிகள் அதற்கு முன்பே கைமாறத் தொடங்கும். டிரைவர் வாங்குவதாக இருந்தால் அவருக்கு ஏற்றது அந்த வண்டிதான், முதலாளி 13 வருஷம் காத்திருந்தாலும் திரும்பாத பணத்தை விலையில் இறக்கிக் கேட்கலாம்.